டம்ளரின் அடியில் நீலம்

என் கொழுந்தனார் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த ஒரு வரியைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அவர் குடிக்கிறார் என்று அவர் மனைவியிடம் உறுதியாகச் சொன்னவள் நான்.

பட்டறையில் அவரை மாவு என்பார்கள். பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை அது. ஐம்பது, அறுபது வருஷத்துக் கார்களைப் பிரித்து, கதவு தனி, பானட் தனி, மட்கார்டு தனி என்று இரும்புத் தாங்கிகள்மேல் வைப்பார்கள். அவற்றின் மேலிருக்கும் பழைய பெயிண்டை வெறும் தகடு தெரியும்வரை எடுப்பது இவர் வேலை. சமையல் சோடாவைக் காற்றழுத்தத்தோடு குழாய் வழியாகப் பீய்ச்சியடித்து எடுப்பார். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், காதுமடல், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லில் விழுந்து எழுந்தவர் மாதிரி. அந்தப் பெயரை வைத்தவர் பெயிண்டர்.

"மாவு, ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தி அடுப்புல வச்சா நீ கேக்கா வந்துடுவே" என்பார் அவர்.

"முதல்ல நீ அடிக்கிற பெயிண்ட் உதிராம நிக்கட்டும். அப்புறம் என்னை அடுப்புல வை" என்பார் இவர்.

இருவரும் இருபத்தைந்து வருஷமாக ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். இவர் உரித்துக் கொடுப்பார், அவர் பூசுவார். இவர் உரித்து முடித்த தகட்டை வினிகர் கலந்த தண்ணீரால் கழுவித் துடைத்துத்தான் கொடுப்பார். சோடா ஒட்டியிருந்தால் புதுப் பெயிண்ட் பிடிக்காது, ஆறு மாதத்தில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். இவர் கழுவிக் கொடுத்த தகடு ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை என்று பெயிண்டரே சொல்லியிருக்கிறார். கை அவ்வளவு சுத்தம்.

முதலில் சோடா கிடையாது, மணல்தான். மணல் அடிக்கும்போது எல்லோரும் தலையில் ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். முன்னால் கண்ணாடி, கழுத்துவரை கெட்டித் துணி, பின்னால் நல்ல காற்று வருவதற்கு ஒரு குழாய். பட்டறையில் அதற்குக் கூண்டு என்று பெயர். வியர்வை கண்ணில் இறங்கும், மூக்கு அரித்தால் சொறிய முடியாது. ஆனாலும் கழற்ற மாட்டார்கள். மணல் தூசி நுரையீரலைத் தின்றுவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி இருமி இருமிச் செத்த ஒருவரின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

மணலுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அடிக்கிற வேகத்தில் தகடு சூடேறி நெளிந்துவிடும். ஒரு நீளமான பானட் அப்படி நனைந்த அட்டை மாதிரி நெளிந்துபோனது. கார்க்காரர் வந்து அதன்மேல் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, காரையே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் முதலாளி சோடா மெஷின் வாங்கினார்.

மெஷின் விற்க வந்தவன் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, மூட்டையைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டு விழுங்கிக் காட்டினானாம்.

"சமையல்கட்டுல இருக்கிற அதே சரக்குதாங்க. வயித்து வலின்னா நம்ம வீட்டுல குடிக்கிறதில்லையா?"

அடுத்த நாளிலிருந்து கூண்டு ஆணியில் தொங்கியது. கழற்று என்று யாரும் சொல்லவில்லை. மாட்டு என்றும் யாரும் சொல்லவில்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

"அண்ணி, இனிமே சங்கடமே இல்ல. மூக்குல போனாலும் ஜீரணத்துக்கு நல்லது."

நானும் சிரித்தேன். சோடா உப்பு யாரையும் கொன்றதாக நானும் கேள்விப்பட்டதில்லை.

வேலையும் அவருக்குப் பிடித்திருந்தது. சோடா தகட்டைக் கீறாது, சூடாக்காது. ஜன்னல் கண்ணாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பெயிண்டை மட்டும் பொடிப்பொடியாக உதிர்த்துக்கொண்டு போகும். மேலே சிவப்பு, அதற்குக் கீழே பாலாடை நிறம், அதற்கும் கீழே நீலம், கடைசியில் செங்கல் நிறத்தில் அடிப்பூச்சு. "அண்ணி, இன்னிக்கு ஒரு கதவுக்கு ஏழு சட்டை" என்பார். எந்தக் கார்க்காரர் எங்கே இடித்தார், எந்த மெக்கானிக் பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் பட்டி வைத்து மெழுகினான் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். மனுஷர்களின் பொய்யைவிடக் காரின் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பார். கொட்டகை வாசலில் இருந்த புல் மட்டும் சோடா பட்டுப் பட்டுக் கருகிவிட்டது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வருஷத்தில் வயிற்று வலி வந்தது. சும்மா வலி இல்லை, முறுக்கிப் பிழிந்து விடுகிற வலி. நாலைந்து நாள் மலச்சிக்கல், அப்புறம் மறுபடி முறுக்கல். அதற்கு மருந்து பக்கத்திலேயே இருந்தது. மெஷினுக்கு அருகில் வாய் திறந்து வைத்த சோடா மூட்டை. அதற்கு மேலே ஆணியில் ஒரு ஸ்பூன், சுவரோரம் கவிழ்த்த ஒரு டம்ளர். ஏப்பம் சரியாக வரவில்லையென்றால் பட்டறையில் எல்லோரும் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிப்பார்கள். கடையில் போய்ச் சமையல் சோடா வாங்குகிறவனைப் பார்த்தால் அங்கே சிரிப்பார்கள். மற்றவர்கள் மாதம் ஒருமுறை குடித்தார்கள். இவர் தினமும் மூன்று வேளை குடித்தார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் ஆளே மாறினார். முகம் வெளுத்தது. சாமான் வாங்கப் போனால் பாதியை மறந்துவிட்டு வருவார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார், அப்புறம் எதற்குக் கத்தினோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். விரல் நடுங்கும். வீட்டில் நாலு டம்ளர் உடைந்தது.

அவர் மனைவியின் அப்பா பெரிய குடிகாரர். அவள் பன்னிரண்டு வயதிலேயே கதவைத் திறந்ததும் அப்பாவின் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் தங்கைகளை எந்த அறைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. அவள் நிஜமான பேயைப் பார்த்திருக்கிறாள். இப்போது சாயங்காலம் புருஷன் வந்ததும் கதவைத் திறந்து, வழிவிடாமல், முகத்துக்கு நேராக ஒரு நிமிஷம் நிற்பாள்.

"என்ன பாக்கறே?"

"ஒண்ணுமில்ல. காலைக் கழுவிட்டு வாங்க."

வாசனை ஏதும் இல்லை. இல்லாததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. இவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறவர் எவ்வளவு நாளாகக் குடிக்கிறாரோ என்று நினைத்தாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

நான் ஆஸ்பத்திரி வார்டில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். அதற்கப்புறம் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடுகளில் பார்த்துக்கொண்டேன். நோயாளியைத் தூக்குவது, திருப்புவது, துடைப்பது, புண் வராமல் காப்பது எல்லாம் முறையாகக் கற்றது. அதனால் சொந்தத்தில் யாருக்குத் தலை வலித்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் சொல்வேன்.

"அக்கா, நீங்க எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க. ஒரு தடவை வந்து பாருங்க. இது குடிதானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. பொண்ணு கல்யாணம் ரெண்டு மாசத்துல இருக்கு."

போனேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் செத்த பறவை மாதிரி கிடந்தது.

"தம்பி, கையை நீட்டு."

நீட்டினார். முழங்கை நீண்டது. மணிக்கட்டு மட்டும் தொங்கியது. விரல்களைத் தூக்கச் சொன்னேன், தூக்க முடியவில்லை. என் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னேன், ஓரளவு அழுத்தினார்.

"எப்பலேர்ந்து?"

"பத்து நாளா. குழாயைப் பிடிச்சுப் பிடிச்சு நரம்பு இழுத்துக்கிச்சு போல அண்ணி."

இந்தத் தொங்கல் கையை நான் வார்டில் பல தடவை பார்த்திருக்கிறேன். மூக்கு முட்டக் குடித்துவிட்டு, நாற்காலி முதுகின்மேல் கையைப் போட்டபடி நினைவில்லாமல் தூங்குகிறவர்களுக்கு வரும். கை நரம்பு எலும்போடு நசுங்கிவிடும். காலையில் எழுந்தால் கை இப்படித் தொங்கும். ஒரு வருஷத்தில் நாலைந்து பேராவது வருவார்கள். ஒருவரும் குடித்தேன் என்று ஒப்புக்கொண்டதில்லை.

"தம்பி, குடிக்கிறியா?"

அவர் சிரித்தார். "அண்ணி, நீங்களுமா? உங்களுக்குத் தெரியாதா என்னை?"

வார்டில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். நான் சமையலறைக்குப் போய் அவளிடம் சொன்னேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"குடிதான். கையைப் பாத்தாலே தெரியுது. குடிச்சிட்டுக் கை மேல தூங்கியிருக்காரு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?"

கூடத்தில் சிரிப்பு நின்றது.

அன்றைக்கு அவள் அழவில்லை. புடவைத் தலைப்பால் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டுக்கோங்க. இன்னியோட நிறுத்துங்க. இல்லன்னா பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாம்."

அவர் கேட்டது எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"குடிக்காதவன் எதை நிறுத்துறது? அதைச் சொல்லு, நிறுத்திடறேன்."

அப்புறம் அவரே ஏதேதோ நிறுத்திப் பார்த்தார். பெயிண்டரோடு சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். வேலை விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தார். மனைவி கேட்காமலே வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். நடுக்கம் நிற்கவில்லை. கை நிமிரவில்லை. ஆனாலும் இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். வலி வந்தால் மூட்டையிலிருந்து ஒரு ஸ்பூன்.

பெயிண்டர் என் வீட்டு வாசலுக்கே வந்து சண்டை போட்டார்.

"ஏம்மா, பனைமரத்துக்கு அடியில நின்னு பால் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்வாங்க, சரி. அவன் மரத்துப் பக்கமே போகலையேம்மா. இருபத்தஞ்சு வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"கூடக் குடிக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். டீ கொடுக்கும்போது, சம்பந்திக்கு நானே கொடுக்கிறேன் என்று இவர் எழுந்தார். வேண்டாம் என்று மகள் கண்ணால் சொன்னதை அவர் பார்க்கவில்லை. டம்ளர் நழுவிச் சம்பந்தியின் மடியில் கொட்டியது. அவர் நல்ல மனிதர்தான், பரவாயில்லை என்று எழுந்து உதறினார். ஆனால் அவர் கண் இவர் கையை விட்டு நகரவில்லை. அவர்கள் போனதும் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அன்னிக்கு ஒரு நாள் அப்பாவை உங்க வீட்டுல வச்சுக்கங்க. காய்ச்சல்னு சொல்லிக்கிறோம்."

"அவர்கிட்ட யார் சொல்றது?"

"நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னாதான் கேப்பார்."

சொன்னேன். கேட்டார். மறுக்கவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை.

கல்யாணத்தன்று காலையில் என் வீட்டில் இடது கையால் தாடியை மழித்துக்கொண்டார். மூன்று இடத்தில் வெட்டு. மகள் எடுத்துக் கொடுத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை நான் போட்டுவிட்டேன். எங்கேயும் போகப்போவதில்லை என்று தெரிந்தும் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தார். நானும் கல்யாணத்துக்குப் போகவில்லை. காவலுக்கு ஆள் வேண்டுமே. பத்தரை மணிக்குக் கேட்டார்.

"அண்ணி, இந்நேரம் முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும்."

"சரி, சாப்பாடு போடுங்க."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

மகள் புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று அவர் மனைவி சொல்லி அனுப்பினாள். நாலாம் நாள் காலை அவரால் பல் துலக்க முடியவில்லை. இடது கையிலிருந்த பிரஷ்ஷும் நழுவி விழுந்தது. கையை நீட்டச் சொன்னேன். இடது மணிக்கட்டும் தொங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிரஷ்ஷை வாங்கி நானே துலக்கிவிட்டேன், வார்டில் செய்வது போல, உதட்டை விலக்கிப் பிடித்துக்கொண்டு. கீழ்வரிசைப் பற்களின் அடியில், ஈறு தொடங்கும் இடத்தில், பேனாவால் கோடு போட்ட மாதிரி ஒரு நீலக் கறுப்பு. பஞ்சைச் சுற்றித் தேய்த்தேன். போகவில்லை. புகையிலையா என்றேன். அதுவும் கிடையாது.

வாய் கொப்பளித்ததும் தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மூடியைத் திறக்கச் சொன்னார்.

"ஒரு ஸ்பூன் கலக்கிக் கொடுங்க அண்ணி. வயிறு முறுக்குது."

"என்ன இது?"

"சோடா உப்புதான். பட்டறை மூட்டைலேர்ந்து எடுத்து வச்சேன். நல்ல சுத்தமான சரக்கு."

கண்ணாடி டம்ளரில் கலக்கினேன். இடையில் பால்காரர் மணியடித்தார். போய் வாங்கிக் காய்ச்சி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். சோடா கரைந்து தண்ணீர் தெளிந்திருந்தது. டம்ளரின் அடியில் மட்டும் மெல்லிசாக ஒரு படிவு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பொடிப்பொடியாக நீலம். நடுநடுவே மஞ்சள், செங்கல் நிறம்.

"தம்பி, கடைசியா என்ன கார் பண்ணினே?"

"ஒரு நீலக் கார். ஏன்?"

சோடா தின்னக்கூடியதுதான். அதைச் சொன்னவன் பொய் சொல்லவில்லை. ஆனால் சோடா அடித்து உதிர்த்தது எதை? அறுபது வருஷத்துப் பெயிண்டை. அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் கலப்பார்கள் என்று பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் குறிப்பும் எடுத்திருக்கிறேன். ஈறில் நீலக்கோடு, வயிற்றில் முறுக்கல், வெளுத்த முகம், தொங்கும் மணிக்கட்டு. நாலையும் ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்தத் தூசி கொட்டகை முழுக்கப் பறந்து, அவர் மூக்கில் ஏறி, மிச்சம் வாய் திறந்த மூட்டையில் இறங்கியிருக்கிறது. அதையும் அவர் மூன்று வேளை குடித்திருக்கிறார். குடிகாரன் ஒரு கைமேல் படுத்துத் தூங்குவான். இரண்டு கையும் ஒரே மாதிரி தொங்க எந்தக் குடிகாரனும் படுத்ததில்லை.

டம்ளரைக் கீழே கொட்டவில்லை. மூடிபோட்ட பாட்டிலில் ஊற்றி, அவரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவிக்கும் சொல்லி அனுப்பினேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஐந்து நாளாயிற்று. டாக்டர் சின்ன வயதுப் பெண், தாளைப் பார்த்துவிட்டு, ஒரு ஆளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயத்தைப் பாடப்புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றாள்.

அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "டாக்டர், குடிக்கிறவங்களுக்கும் இது வருமா?"

"இது குடியால வர்றது இல்லம்மா. ஈயம். இவர் துணியைத் துவைக்கிறது யாரு? நீங்களா? உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்."

எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது. அவ்வளவு இல்லை, ஆனால் இருந்தது. தினமும் சட்டையை வாசலில் நின்று உதறியவள் அவள்தானே.

மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் அவரிடம் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா தினம் உங்க வாயை மோந்து பாத்தேன்."

"தெரியும்."

"சாராய வாசனை ஒருநாளும் வரல."

"வேற என்ன வந்தது?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "பெயிண்ட்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. நீங்கதான் ஆமான்னு சொன்னீங்க." எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள், மருந்து வாங்க எழுந்து போனேன்.

முதலாளியையும் போய்ப் பார்த்தேன். அவர் மரியாதையாக நாற்காலி போட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழுந்து கொட்டகைக்குள் போய், மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என் முன்னாலேயே நாக்கில் போட்டுக்கொண்டார்.

"பாருங்கம்மா. எனக்கு ஏதாவது ஆச்சா?"

"ஆகாது. நீங்க ஆஃபீஸ் ரூம்லேர்ந்து வந்து ஒரு சிட்டிகை போட்டுக்கறீங்க. அவன் இதுக்குள்ளேயே நின்னான்."

"கூண்டு அங்கேயே தானம்மா தொங்குது. நான் போட வேண்டாம்னு சொன்னேனா?"

அதுவும் உண்மை. கூண்டு ஆணியில் இருந்தது. கழுத்துத் துணிக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. பெயிண்டர் எழுந்து வந்து, மூட்டைக்கு மேலே தொங்கிய ஸ்பூனையும் சுவரோரம் இருந்த டம்ளரையும் எடுத்து வெளியே வீசினார். அவரும் அதில் குடித்தவர்தான். ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றார். இன்னும் பார்க்கவில்லை.

மருந்து ஏறி ஈயம் மெல்ல மெல்ல இறங்குகிறது. வயிற்று வலி நின்றது. கோபமும் குறைந்தது. கைகள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. மணிக்கட்டு தொங்காமல் இருக்கக் கட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. பயிற்சிக்காகத் தினமும் என் வீட்டுக்கு வருவார். என்னோடு அதிகம் பேச மாட்டார். ஒருநாள் கட்டை அவிழ்க்கும்போது கேட்டார்.

"அண்ணி, ஒரு உதவி."

"சொல்லு."

"சம்பந்தி வீட்டுக்குப் போய் நான் குடிகாரன் இல்லன்னு சொல்லிட்டு வாங்க. பொண்ணு சொல்ல மாட்டேங்கறா. காய்ச்சல்னு சொன்னது பொய்யாயிடுமாம். நான் போனா கையைத்தான் பாப்பாங்க. நீங்க சொல்லுங்க. நீங்கதானே சொன்னீங்க."

போனேன். ரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுபோனேன். சம்பந்தி தாளை மரியாதைக்கு ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். டீ கொடுத்தார்கள். மருமகள், அதாவது எங்கள் பெண், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே சம்பந்தியம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

"சொந்தக்காரங்க வேற எப்படிச் சொல்லுவாங்க. பாவம், வயசான காலத்துல இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

எங்கள் பெண் மறுத்து ஏதாவது சொல்வாள் என்று இரண்டாவது செருப்பை மெதுவாக மாட்டினேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிற சத்தம் கேட்டது.

மறுநாள் கொழுந்தனார் வந்தார். உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"கேட்டுக்கிட்டாங்க."

"நம்பினாங்களா?"

நோயாளியிடம் பொய் சொல்வது என் வழக்கமில்லை.

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். கட்டை அவிழ்ப்பதற்காகக் கையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அன்னிக்கு நீங்க அடுக்களையிலேர்ந்து ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க, அண்ணி. எல்லாரும் உடனே நம்பினாங்க."

கட்டை அவிழ்த்தேன். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கும்படி சரிசெய்தேன். தினமும் பத்துத் தடவை தூக்க வேண்டும். அன்றைக்கு இடது கை ஆறு தடவை நிமிர்ந்தது. வலது கை மூன்றாவதில் நின்றுவிட்டது.